நானூக்கின் ஊர்க்காரர்கள்

'நானூக் ஆஃப் தி நார்த்' பற்றி இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையைச் சில நண்பர்கள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இப்போது அது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. படத்தின் கடைசிக் காட்சிக்கு மட்டும் அதில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். வெளியே பனிப்புயல். யாரோ விட்டுப்போன பனிவீட்டுக்குள் ஒரு குடும்பம் தோல்களுக்கடியில் உறங்குகிறது. வாசலில் நாய்கள்மீது பனி மூடிக்கொண்டு வருகிறது. பிறகு நானூக்கின் உறங்கும் முகம். மனிதனின் ஆதித் தனிமை, இருப்பு என்றெல்லாம் எழுதினேன். வாக்கியங்கள் நன்றாகத்தான் இருந்தன. அந்த முகத்துக்குரியவன் யார், அவன் ஊர் எது, காமிரா கிளம்பிப் போன பிறகு அந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்த வாக்கியங்கள் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஊரின் பெயர் இனுக்ஜுவாக். கனடாவின் க்யூபெக் மாகாணத்து வடகோடியில், ஹட்சன் விரிகுடாவின் கீழைக் கரையில் இருக்கிறது. வெள்ளைக்காரர் வரைபடத்தில் அப்போது போர்ட் ஹாரிசன். ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி அங்கே 1920-21இல் படம் எடுத்தார். அதற்கு முன் எடுத்திருந்த வேறொரு வடக்குப் படத்தின் நெகடிவ் முழுவதையும் 1916இல் டொராண்டோவில் தன் சிகரெட்டாலேயே எரித்துக்கொண்டவர் அவர். இரண்டாவது முறை பணம் போட்டது ரெவில்லோன் ஃப்ரேர் என்ற பிரெஞ்சுத் தோல் வியாபாரக் கம்பெனி. நானூக் என்றால் வெண்கரடி. நடித்தவரின் பெயர் அல்லாகரியால்லாக். படத்துக்குள்ளே வரும் மனைவி அவர் மனைவி அல்ல. துப்பாக்கி வைத்திருந்தவர்களை ஈட்டியோடு வேட்டைக்கு அனுப்பினார்கள். உள்ளே வெளிச்சம் போதாததால் பனிவீட்டைப் பாதி திறந்துவைத்துக் கட்டினார்கள். கிராமபோன் தட்டை நானூக் பல்லால் கடித்துப் பார்ப்பதும் ஏற்பாடுதான். இவையெல்லாம் ஆவணப்படம் பற்றிய எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். பொய் சொன்னாரா, பெரிய உண்மைக்காகச் சிறிய பொய் சொன்னாரா என்ற சர்ச்சை நூறு ஆண்டுகளாக நடக்கிறது. அந்தச் சர்ச்சையில் எனக்கு இப்போது ருசி இல்லை. படச்சட்டத்துக்குள் நடந்த பொய்யைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், அதற்கு வெளியே நடந்ததைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசினார்கள் என்பதுதான் என் கேள்வி. அவர்களில் நானும் ஒருவன்.

ஃப்ளாஹெர்ட்டி 1921இல் ஊரைவிட்டுப் போனார். சில மாதங்களில் அந்த ஊரில் மேகி நுயார்லுக்துக் என்ற பெண்ணுக்கு அவருடைய மகன் பிறந்தான். ஜோஸஃபி என்று பெயர். படம் 1922இல் நியூயார்க்கில் வெளியாகி உலகம் சுற்றியது. ஃப்ளாஹெர்ட்டி பிறகு சமோவாவுக்குப் போனார், அயர்லாந்தின் ஆரன் தீவுக்குப் போனார், ஒவ்வொரு இடத்திலும் இயற்கையோடு போராடும் மனிதனைக் கண்டெடுத்தார். 1951இல் இறந்தார். இனுக்ஜுவாக்குக்குத் திரும்பி வரவே இல்லை. மகனோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளவில்லை.

நடுவில் கழிந்த முப்பது ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளைநரித் தோலை நம்பி ஒரு ஊரே திசைமாறியது. தோலைக் கொடுத்து மாவு, தேயிலை, தோட்டா வாங்கினார்கள். ரெவில்லோனை 1936இல் ஹட்சன் பே கம்பெனி விழுங்கியது. போட்டி ஒழிந்தது. நாற்பதுகளின் கடைசியில் பாரீஸிலும் நியூயார்க்கிலும் நரித்தோல் மோகம் தீர்ந்து, விலை விழுந்தது. அரசாங்கம் குழந்தைகளுக்கென்று கொடுத்த குடும்பப்படி, நிவாரணம் இவற்றை நம்பிப் பலர் வாழ வேண்டியதாயிற்று. ஒட்டாவாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது பெரிய கவலை. எஸ்கிமோக்கள் (அன்று அவர்கள் பிரயோகம் அதுதான், இன்யூட் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டதை மற்றவர்கள் காதில் வாங்கப் பின்னும் இருபது ஆண்டுகள் ஆயின) சோம்பேறிகள் ஆகிவிடுவார்கள், வேட்டையாடும் குணம் போய்விடும் என்று அஞ்சினார்கள். நானூக் படம் பார்த்தவர்களின் கவலை இது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நிரூபிக்க முடியாது. ஆனால் இயற்கையோடு போராடாத எஸ்கிமோவை எஸ்கிமோவாகவே ஏற்க முடியாத ஒரு மனநிலை எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்யூட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அண்மையில் இறந்தவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பார்கள். பெயரோடு உறவும் சேர்ந்து வரும். தன் தகப்பனார் பெயர் வைக்கப்பட்ட மகனை ஒரு தாய் 'அப்பா' என்றே கூப்பிடலாம். இது நமக்கு விளங்காத விஷயம் இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயர் வைத்த பையனைப் பாட்டி பெயர்சொல்லிக் கூப்பிடமாட்டாள். போலீஸ்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் இந்தப் பெயர்கள் உச்சரிக்க வரவில்லை, எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. அதனால் 1941 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை கொடுத்தார்கள். ஒரு பக்கம் கிரீடம். இன்னொரு பக்கம் எண். கிழக்கே இருப்பவர்களுக்கு 'ஈ', மேற்கே 'டபிள்யூ', பிறகு வட்டார எண், ஆள் எண். கழுத்தில் கட்டிக்கொள்ளலாம், கையிலும் கட்டிக்கொள்ளலாம். 1968க்கும் 1971க்கும் இடையே ஏப் ஓக்பிக் என்ற இன்யூட் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்பப் பெயரைக் கேட்டுப் பதிவுசெய்தார். அவருடைய எண் டபிள்யூ 3-554. அந்த எழுபதுகளில்தான் வில்லைகள் வழக்கொழிந்தன.

நான் வங்கியில் குமாஸ்தா. எண்ணைப் பார்த்தால்தான் எனக்கும் ஆள் ஞாபகம் வருகிறது. லெட்ஜருக்குத் தமிழில் பேரேடு என்று யார் பெயர் வைத்தார்களோ, அதில் பேர் இருக்கிறது என்பதே பழக்கத்தில் மறந்துபோகிறது. ஒட்டாவாக்காரர்களைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை குறைவு என்று இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1953 ஜூலையில் 'சி. டி. ஹவ்' என்ற அரசாங்கக் கப்பல் இனுக்ஜுவாக்குக்கு வந்தது. ஏழு குடும்பங்களை ஏற்றிக்கொண்டது. போகும் இடம் வடக்கே 2000 கிலோமீட்டர். அங்கே வேட்டை நிறையக் கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பி வரலாம் என்று போலீஸ்காரர் சொன்னதாக அவர்கள் பின்னாளில் சாட்சியம் அளித்தார்கள். வழியில் பாண்ட் இன்லெட்டில் மூன்று குடும்பங்கள் ஏறின. அவர்கள் இன்னும் வடக்கே வாழ்ந்தவர்கள். இருட்டில் வேட்டையாடுவது எப்படி என்று இவர்களுக்கு அவர்கள் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரு சாராரின் பேச்சுமே வேறு வேறு வழக்கு. கப்பலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லோரும் ஒரே இடத்துக்குப் போகிறோம் என்று நம்பியிருந்தவர்களிடம், கரை நெருங்கிய பிறகு, இல்லை, பிரித்துத்தான் இறக்கப்போகிறோம் என்றார்கள். சிலர் எல்ஸ்மியர் தீவுக்கு. சிலர் கார்ன்வாலிஸ் தீவின் ரெஸல்யூட் விரிகுடாவுக்கு. அப்போது ஐந்து வயதுப் பையனாக இருந்த ஜான் அமகோலிக் இதைச் சொல்லியிருக்கிறார்: பெண்கள் அழத் தொடங்கினார்கள், அவர்கள் அழுததைப் பார்த்துத் தளத்திலிருந்த நாய்களும் ஊளையிட்டன. இந்தப் பையன்தான் பிறகு 1999இல் நுனாவுட் என்ற தனிப் பிரதேசம் அமைவதற்கு உழைத்த தலைவர்களில் முக்கியமானவர்.

எல்ஸ்மியரில் இறக்கப்பட்டவர்களின் குடியிருப்பு சில ஆண்டுகளில் கிரீஸ் ஃபியோர்டு என்ற இடத்துக்கு மாறியது. நார்வேக்காரரான ஓட்டோ ஸ்வெர்ட்ரப் 1900ஐ ஒட்டி அங்கே வந்தபோது வால்ரஸ்களின் உறுமல் பன்றி உறுமுவதுபோலக் கேட்டதாம்; பன்றிக் கழிமுகம் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். வந்து சேர்ந்தவர்கள் தங்கள் மொழியில் அவுயுயித்துக் என்றார்கள். உருகாத இடம். ரெஸல்யூட்டுக்குக் கவுசுயித்துக் என்றார்கள். விடியாத இடம். இவை கவித்துவத்துக்காக வைத்த பெயர்கள் இல்லை, வெறும் தகவல். இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் பகலில் கொஞ்ச நேரம் சூரியன் வரும். இங்கே நவம்பர் ஆரம்பத்தில் போனால் பிப்ரவரியில்தான் வரும். ஊரில் பறவை முட்டை, காட்டுப் பழங்கள், ஏரி மீன் என்று பழகியவர்களுக்கு இங்கே சீலும் வால்ரஸும் கரடியும்தான். பனிவீடு கட்டும் பதத்தில் பனி சேரும்வரை கூடாரம். தீவில் சடைமாட்டு மந்தைகள் இருந்தன. அவற்றைக் கொல்லக் கூடாது என்று சட்டம். காரிபூ மானுக்கும் கட்டுப்பாடு. வேட்டை நிறைய இருக்கிறது என்று சொல்லி அழைத்து வந்தவர்கள், வனவிலங்குச் சரணாலயத்தில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

சாமான்கள் வாங்க ஒரு கடை இருந்தது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றாக வேண்டும், இது என் தொழில். கடைக்கு முதல் எஸ்கிமோ கடன் நிதி என்ற அரசாங்க நிதியிலிருந்து வந்தது. கடன் இன்யூட் ஒருவர் பெயரில். நடத்தியதும் கணக்கு எழுதியதும் போலீஸ்காரர். நரித்தோல் கொண்டுவந்து போட்டால் கையில் பணம் கிடையாது, கணக்கில் வரவு. வரவுக்கு எதிரே சாமான். கடையில் சாமான் தீர்ந்துபோனால் அடுத்த வருஷக் கப்பல்வரை வரவு வரவாகவே நிற்கும். இது மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியவர் ஒழுங்காகவே எழுதியிருக்கக் கூடும். பற்றும் வரவும் பைசா பிசகாமல் சரியாக இருந்து, அந்தக் கணக்குக்குரியவனுக்குத் தனக்குக் கணக்கு இருக்கிறதா என்பதே தெரியாமல் இருக்க முடியும் என்பது வங்கியில் வேலை செய்பவனுக்குத் தெரியும்.

கப்பலில் போனவர்களில் அகியாத்துசுக் என்று ஒரு சிற்பி. சிறு கல்லில் ஆட்களையும் கரடிகளையும் வால்ரஸ்களையும் செதுக்கியவர். இனுக்ஜுவாக் சிற்பங்களை ஜேம்ஸ் ஹௌஸ்டன் என்ற ஓவியர் 1948இல் முதலில் தெற்கே கொண்டுபோனார். அடுத்த ஆண்டு மாண்ட்ரியலில் வைத்த விற்பனை மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. 1953இல், கப்பல் புறப்பட்ட அதே ஆண்டில், லண்டனில் கிம்பெல் ஃபீஸ் காலரியில் எஸ்கிமோ சிற்பக் கண்காட்சி. அரசாங்கமே ஆதரித்த தொழில் இது. பிழைக்க வழியில்லாத ஊர் என்று ஒரு கோப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, இன்னொரு கோப்பு அதே ஊரின் கலையை உலகத்துக்கு விற்றுக்கொண்டிருந்தது. இரண்டு கோப்புகளும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில்கூட இருந்திருக்கலாம். அகியாத்துசுக் போய்ச் சேர்ந்த மறுவருஷமே, 1954இல் இறந்தார். அவருடைய சிற்பங்கள் இன்று மியூசியங்களில் இருக்கின்றன. உருண்டையான, கனமான, சந்தோஷமான உருவங்கள். படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றி அழகாக ஒரு பத்தி எழுத என்னால் முடியும். எழுதப்போவதில்லை.

அகியாத்துசுக், ஜோஸஃபிக்கு மாற்றுத் தகப்பனார். அவர் போன இடத்துக்கே 1955இல் ஜோஸஃபியும் மனைவி குழந்தைகளோடு போனார். போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. ஃப்ளாஹெர்ட்டி வெளியிலிருந்து வந்து, இயற்கையோடு போராடும் எஸ்கிமோவை நடிக்கவைத்துப் படம் எடுத்தார். அவருடைய மகன் நடிப்பில்லாமல் அதைச் செய்ய அனுப்பப்பட்டார். இதை எழுதும்போதே என் பேனா இதை ஒரு அங்கதமாக மாற்றப் பார்க்கிறது. வேண்டாம். ஜோஸஃபியின் மகள் மார்த்தா சின்னப் பெண்ணாக இருந்தபோதே தகப்பனாரோடு வேட்டைக்குப் போக வேண்டியிருந்தது, அந்தக் குளிரில், இருட்டில். அவர் பிறகு இன்யூட் பெண்களின் தேசிய அமைப்பான பாவ்க்தூதித்தின் தலைவரானார். தன் குடும்பத்துக்கு நேர்ந்ததை விசாரணைக் கமிஷன்முன் சொன்னார். 2008இல் மார்கீஸ் லபாஜ் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கிறார். ஃப்ளாஹெர்ட்டி என்பதுதான் இன்று அந்தக் குடும்பத்தின் பெயர். விட்டுப்போனவர் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் முடிந்து, திரும்பிப் போகவேண்டும் என்று கேட்டவர்களுக்கு, உங்கள் உறவினரை வேண்டுமானால் இங்கே வரவழைக்கிறோம் என்று பதில் வந்தது. அப்படியும் வந்தவர்கள் உண்டு. 1953, 1955 இரண்டு தடவையும் சேர்த்துத் தொண்ணூறு பேர் அளவில் கொண்டுபோகப்பட்டார்கள். ஏன் கொண்டுபோனார்கள் என்பதில் கனடாவில் சரித்திர ஆசிரியர்கள் இரண்டு கட்சி. வட தீவுகளில் அமெரிக்கர்கள் வானிலை நிலையம் அது இது என்று கூடிக்கொண்டே போனார்கள், கனடாவின் உரிமையை நிலைநாட்டக் குடிமக்கள் வேண்டியிருந்தார்கள், இவர்களைக் கொடிக்கம்பங்களாக நட்டார்கள் என்கிறார் ஷீலா கிராண்ட். இல்லை, நல்லெண்ணத்தோடு செய்தது, இனுக்ஜுவாக்கில் நிஜமாகவே வேட்டை குறைந்திருந்தது என்று மேக்னஸ் குந்தர் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். நான் படித்தவரை கொடிக்கம்பம் கட்சிக்குச் சான்றுகள் அதிகம். ஆனால் குந்தர் சொல்வதும் முழுக்கப் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்லெண்ணம் இருந்திருக்கும். அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

நீங்கள் ஏன் மறுக்கவில்லை என்று அவர்களிடமே கேட்டார்கள். கமிஷன் அறிக்கையில் இதற்கு விளக்கமாக இலிரா என்ற இன்யூட் சொல் ஒன்று வருகிறது. அதிகாரமுள்ளவன், என்ன செய்வான் என்று ஊகிக்க முடியாதவன், அவன் எதிரே நிற்கும்போது வருகிற உணர்ச்சி. பயமும் மரியாதையும் கலந்தது. அந்த உணர்ச்சியில் நிற்பவன் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வராது. போலீஸ்காரர் கேட்கிறார், மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார், இவன் தலையசைக்கிறான். சம்மதம் என்று எழுதியாயிற்று.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறதா என்று யோசித்தேன். சொல் கிடைக்கவில்லை, ஒரு கை ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிராமத்துக் கிளை ஒன்றில், கடன் பத்திரங்களில் கைநாட்டு வாங்கும் வேலை எனக்கு. ஒரு வயதான அம்மாளின் கட்டைவிரலை நானே பிடித்து மையில் தோய்த்து ஏழெட்டு இடத்தில் வைத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவசரம், பின்னால் வரிசை நின்றது. 'சரி சாமி, சரி சாமி' என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று. அவளுக்குக் கெடுதல் எதுவும் நினைக்கவில்லை. கடன் நல்ல திட்டம்தான். விரலைத் துடைத்துக்கொள்ளத் துணிகூடக் கொடுத்தேன்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லலாம். எண்பதுகளின் கடைசியில் நாற்பது பேர் அளவில் அரசாங்கச் செலவில் இனுக்ஜுவாக்குக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் சிலரின் பிள்ளைகள் வடக்கே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அதுதான் ஊர். ஒரு பிரிவு இரண்டாயிற்று. 1990இல் நாடாளுமன்றக் குழு மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அதே ஆண்டு அரசாங்கம் ஏற்பாடு செய்த ஆய்வு, தப்பே நடக்கவில்லை என்றது. 1993இல் அரச கமிஷன் ஒட்டாவாவில் விசாரித்து, 1994இல் அறிக்கை கொடுத்தது: உண்மையான சம்மதம் பெறப்படவில்லை, இழப்பீடும் மன்னிப்பும் வேண்டும். 1996இல் ஒரு கோடி டாலர் நிதி வந்தது. மன்னிப்பு வரவில்லை. அன்றைய அதிகாரிகள் கண்ணியமான நோக்கத்தோடுதான் செயல்பட்டார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்தார்கள். ஒரு கோடி டாலருக்கு இன்யூட்கள் விற்ற பொருள் இந்த வாக்கியம். 2010 ஆகஸ்ட் 18 அன்று அமைச்சர் ஜான் டங்கன் இனுக்ஜுவாக்குக்கு வந்து அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஜோஸஃபி இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது.

படத்தைத் திரும்பவும் பார்த்தேன். என் அபிப்பிராயம் தலைகீழாகிவிட்டது என்று சொன்னால் நண்பர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி ஆகவில்லை. கடைசிக் காட்சி இன்னும் பெரிய காட்சிதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் உறைத்தது. அல்லாகரியால்லாக் தூங்கவில்லை. தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு, இயக்குநர் போதும் என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறார். கேட்டுக்கொண்டதைச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளில் அவரும் இறந்துபோனார். வேட்டைக்குப் போய்ப் பட்டினியால் செத்தான் என்று ஃப்ளாஹெர்ட்டி ஊருக்குச் சொன்னார். வீட்டில் காசநோயில் இறந்திருக்க வேண்டும் என்பதே இன்று ஆய்வாளர்கள் சொல்வது.

2010 செப்டம்பரில் வடக்கே இரண்டு இடத்திலும் நினைவுச் சின்னங்கள் திறந்துவைக்கப்பட்டன. செதுக்கியவர்கள் இருவருமே இன்யூட்கள். கிரீஸ் ஃபியோர்டில் இருப்பது லூட்டி பிஜாமினி செய்தது: ஒரு பெண், அவளோடு ஒரு பையன், ஒரு நாய். ரெஸல்யூட்டில் இருப்பது, 1953இல் தானே கப்பலில் வந்த சிமியோனி அமகோலிக் செய்தது. அதில் ஒரு ஆண் மட்டும். அந்தப் பெண் ரெஸல்யூட் இருக்கும் திசையைப் பார்க்கிறாள். அவன் கிரீஸ் ஃபியோர்டு இருக்கும் திசையைப் பார்க்கிறான். நடுவே கடலும் பனியுமாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர்.